நீல வெளிச்சமும் பீரோ வாசனையும்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "பேரன் எப்படி இருக்கான்?" நான் "இருக்கான்" என்கிறேன். அத்துடன் விடுவதில்லை. "என்னதான் சார் ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். கண் திருஷ்டி, கிரகணம், பெற்றவள் மசக்கையில் தின்ற பப்பாளி, மருத்துவமனைக்காரர்களின் பண ஆசை. இதுவரை கேட்டவை இவை. உண்மையான காரணத்தை ஒருவரும் சொன்னதில்லை. அது அவரவர் வீட்டு பீரோவிலேயே இருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் மருத்துவன் அல்ல. காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் திருச்சி அலுவலகத்தில் மருத்துவச் செலவுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்தவர் வியாதியைப் படித்துப் பிழைத்தவன் என்று சொல்லலாம். எந்தப் பரிசோதனைக்குப் பின் எந்தப் பரிசோதனை, எந்தப் படிவத்தில் யார் கையெழுத்து, எந்தச் சொல் இருந்தால் எந்த விதி பாயும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. கல்லூரியில் படித்தது வேதியியல். இந்த இரண்டும் சேர்ந்த மனிதனை வீட்டில் வைத்துக்கொள்வது சிரமம். "உங்களுக்குக் காய்ச்சல் வந்தா முதல்ல டாக்டருக்குத்தான் ஊசி போடணும்" என்பாள் என் மனைவி கமலா.

கமலா இறந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவளுக்கு மருத்துவமனை நாட்கள் என்று எதுவும் இருக்கவில்லை. காலையில் பால் காய்ச்சினாள், மதியம் இல்லை. மாரடைப்பு.

எங்களுக்கு ஒரே மகள், ரஞ்சனி. மாப்பிள்ளை முரளி துவாக்குடியில் பாய்லர் உதிரி பாகம் செய்யும் சிறிய தொழிற்கூடத்தில் பொறியாளர். கல்யாணமாகி வெகு காலம் குழந்தை இல்லை. அந்தக் காலம் முழுவதும் கமலா கோயிலுக்குப் போனாள், விரதம் இருந்தாள், கூடவே ஒரு வேலையும் செய்தாள். தன்னுடைய பழைய பருத்திப் புடவைகளில் நன்றாகத் துவண்டவற்றைத் தேர்ந்து, சதுரம் சதுரமாகக் கிழித்து, ஓரம் அடித்து, கொதிநீரில் போட்டு எடுத்து, மடித்து பீரோவின் கீழ்த்தட்டில் அடுக்கினாள். பேர் வைக்கும் நாள்வரை பச்சைக் குழந்தைக்குப் புதுத்துணி போடும் வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை. பழைய துணிதான். அது எந்த அளவுக்குப் பழையதோ அந்த அளவுக்கு நல்லது. பூச்சி அரிக்காமல் இருக்க நான்கு மூலையிலும் பாச்சை உருண்டை வைத்தாள். அந்துருண்டை என்பார்களே, அந்த வெள்ளை உருண்டைகள். ஒவ்வொரு போகிக்கும் கரைந்து போனதை எடுத்துவிட்டுப் புதிது வைப்பாள். அவள் போன பிறகு வந்த போகிகளுக்கு நான் வைத்தேன். அவள் செய்துவந்தவற்றில் எனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ரஞ்சனி உண்டானாள். அம்மா இல்லாத வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போவானேன் என்று அவள் புகுந்த வீட்டில் கேட்டார்கள். தப்பான கேள்வி இல்லை. "அம்மா துணி இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

தில்லை நகரில் ஒரு மருத்துவமனையில் சுகப்பிரசவம். ஆண் குழந்தை. கொண்டுபோயிருந்த துணிப்பையைத் திறந்து ரஞ்சனி முதல் துண்டை எடுத்து முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பா, அம்மா வாசனை. அப்படியே இருக்கு பாருங்க."

நானும் வாங்கி முகர்ந்தேன். கமலா பக்கத்தில் வந்து நின்ற மாதிரிதான் இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது குழந்தை லேசாக மஞ்சளாக இருந்தான். பிறந்த குழந்தைகள் பலருக்கும் வருவதுதான், கூடினால் உடனே கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நடுக்கூடத்து வளையத்தில் தூளி கட்டினோம். தூளிக்குப் புடவையை பீரோவிலிருந்து ரஞ்சனியே தேர்ந்தெடுத்தாள். கமலா கடைசி வருடங்களில் அதிகம் உடுத்திய நீலச் சுங்குடி. தூளி என்பது ஒரு பை. உள்ளே இருக்கும் காற்று உள்ளேயேதான் சுற்றும்.

அதில் அவன் நன்றாகத் தூங்கினான். தேவைக்கு மேலேயே தூங்கினான். எழுப்பிப் பால் கொடுத்தால் கொஞ்சம் உறிஞ்சிவிட்டு மறுபடி கண் சொருகினான். பார்க்க வந்தவர்கள், "சமத்து, அழவே மாட்டேங்கறான்" என்றார்கள். மஞ்சள் முகத்திலிருந்து மார்புக்கு இறங்கியது. "காலை வெயில்ல காட்டுங்க, போயிடும்." காட்டினோம். வெயிலில் காட்டும்போது குளிராமல் இருக்க அதே துணியைச் சுற்றினோம். மறுநாள் உள்ளங்கால் மஞ்சளாக இருந்தது. மூத்திரத் துணியில் காப்பி டிகாஷன் சிந்தினது போல் கறை.

அன்று பிற்பகல் அவன் அழுதான். அது பசிக்கு அழும் அழுகை இல்லை. தகரத்தில் ஆணியை இழுத்த மாதிரி ஒரு கீச்சுக் குரல். தலையும் குதிகாலும் பின்னால் போக உடம்பு வில்லாக வளைந்தது. 'கீச்சிட்ட அழுகை, பால் குடிக்க மறுப்பு' என்று எத்தனையோ குழந்தைகளின் கோப்புகளில் படித்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு நேரே பென்சிலால் கோடும் போட்டிருக்கிறேன். அதன் ஓசை இது என்று தெரிந்துகொள்ள என் வீட்டில் அது கேட்க வேண்டியிருந்தது.

"தூக்கு, ஆட்டோ கூப்பிடறேன்" என்றேன். ரஞ்சனி தூளியை வளையத்திலிருந்து உருவி அதையே குழந்தைக்குச் சுற்றிக்கொண்டாள். காவேரிப் பாலத்தில் நெரிசல். ஆட்டோக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

குழந்தைப் பிரிவின் தலைமை மருத்துவர் டாக்டர் ஆக்னஸ். மெலிந்த பெண்மணி, கழுத்தில் சிறிய சிலுவை. குனிந்து ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்தவர் பாதியில் நிறுத்தினார். புடவையின் ஒரு மடிப்பை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"இந்தத் துணி எங்க இருந்தது?"

"எங்கம்மா புடவை டாக்டர்." அந்த நேரத்திலும் ரஞ்சனியின் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "குழந்தைக்குன்னே எடுத்து வெச்சிருந்தாங்க."

டாக்டர் ஒரு கணம் அவளையே பார்த்தார். "நல்லா மெத்துனு இருக்கு" என்றார். "உள்ள எங்க துணிதான் போடணும்மா. இதைக் கழட்டிடறோம்." பிறகு திரும்பி, நர்ஸிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "கவர்ல போட்டு வாயைக் கட்டி வெளிய கொடுத்துடுங்க சிஸ்டர். குழந்தையை நல்லா துடைங்க. ரத்தம் மாத்தறதுக்கு முன்னாடி ஜி சிக்ஸ் பி டி-க்கு சாம்பிள் எடுத்துடுங்க."

ரத்தம் மாற்றிவிட்டால் பரிசோதனையில் வருவது குழந்தையின் ரத்தம் அல்ல, கொடுத்தவரின் ரத்தம். அதனால்தான் முன்னாடி. சரியான நடைமுறை. எனக்கு அது தெரியும். எந்த நிலைமையில் ரத்தத்தை மாற்றுவார்கள் என்பதும் தெரியும்.

துவாக்குடியிலிருந்து முரளி வந்து சேர்ந்ததும், எங்கள் இருவரையும் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு டாக்டர் ஆக்னஸ் விளக்கினார். அவர் சொன்னதை, பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து, என் மொழியில் சொல்கிறேன்.

உயிருள்ள எதற்குள்ளும் எந்த வேலையும் தானாக வேகமாக நடப்பதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நொதி இருக்கிறது. நொதியை ஓர் அலுவலக எழுத்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வகைக் கோப்பைத்தான் தொடுவார். கோப்பு அவர் மேசையில் கச்சிதமாகப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் ஏறிட்டும் பார்க்க மாட்டார். பொருந்தினால் பிரிக்க வேண்டியதைப் பிரித்து, சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டு, தான் கொஞ்சமும் தேயாமல் அடுத்த கோப்புக்குக் கை நீட்டுவார். அவர் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும் என்றில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிய வேண்டியது ஓர் ஆயுளுக்கு இழுக்கும். நம் அலுவலகங்களில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் நம்பச் சிரமமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்த எழுத்தர் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

ரத்தத்தின் சிவப்பணு பிராணவாயுவைச் சுமந்து திரிகிறது. பிராணவாயுவோடு பழகும் எதுவும், இரும்பைப் போல, துருவேறும். அந்தத் துருவை அவ்வப்போது துடைக்கத் தேவையான சரக்கைத் தயாரித்துக் கொடுக்கும் நொதிதான் ஜி சிக்ஸ் பி டி. மற்ற உயிரணுக்கள் நொதி தீர்ந்தால் புதிதாகச் செய்துகொள்ளும். சிவப்பணுவால் முடியாது. அதற்கு உட்கரு கிடையாது. பிறக்கும்போது கொடுத்தனுப்பியதை வைத்துத்தான் அதன் சில மாத ஆயுளும் ஓடியாக வேண்டும். ஓய்வூதியக்காரர்களுக்கு இந்த நிலைமை சட்டென்று புரியும்.

சில குழந்தைகள் இந்த நொதி மிகக் குறைவாகப் பிறக்கின்றன. பாச்சை உருண்டை கரைந்து காற்றில் கலப்பது நாப்தலின் என்ற பொருள். மூச்சு வழியாகவும் மெல்லிய தோல் வழியாகவும் உள்ளே போய், அது ரத்தத்தில் துருவை ஏற்றிவிடுகிறது. துடைக்க ஆளில்லை. சிவப்பணுக்கள் உடைகின்றன. உடைந்த ரத்தம் மஞ்சள் நிறமியாக மாறுகிறது. அந்த நிறமியைக் கரையும்படி செய்து வெளியே அனுப்பக் கல்லீரலில் வேறொரு நொதி உண்டு. பிறந்த குழந்தைக்கு அது இன்னும் வேலைக்கே வந்து சேர்ந்திருக்காது. ஒரு மேசையில் ஆள் இல்லை, அடுத்த மேசைக்கு ஆள் இன்னும் வரவில்லை. நடுவில் கோப்பு குவிகிறது. அளவு மீறினால் மஞ்சள் மூளைக்குள் இறங்கிவிடும்.

"இறங்கியாச்சா டாக்டர்?" என்றான் முரளி.

"கொஞ்சம் இறங்க ஆரம்பிச்ச மாதிரி இருக்கு. அந்த அழுகை அதுதான். இப்ப ரத்தத்தை மாத்தி மஞ்சளைக் குறைக்கறோம். உயிருக்கு என்னால முடிஞ்சதைச் செய்வேன். காது கேக்குமான்னு இப்ப கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது. முதல்ல அடி வாங்கறது காதோட நரம்புதான்."

சம்மதப் படிவத்தில் முரளி கையெழுத்துப் போட்டான். அதில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் எதற்காக, யாரைக் காப்பாற்ற எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியும். குழந்தையைக் காப்பாற்ற எழுதப்பட்டது அதில் ஒன்றுகூட இல்லை. அந்த வேலை படிவத்துக்கு உரியது அல்ல.

டாக்டர் போன பிறகு முரளி சொன்னான்: "மாமா, புடவை விஷயம் ரஞ்சனிக்குத் தெரிய வேணாம். தாங்க மாட்டா."

"வேணாம்" என்றேன்.

ரத்தம் மாற்றுவது என்பது தொப்புள் கொடியின் குழாய் வழியாக ஒரு சிறிய ஊசிக்குழாய் அளவு ரத்தத்தை எடுத்து, அதே அளவு நல்ல ரத்தத்தை உள்ளே விடுவது. பிறகு மறுபடி எடுப்பது, மறுபடி விடுவது. பொறுமையாகச் செய்ய வேண்டும். வெளியே காத்திருப்பவர்களுக்குப் பொறுமை தேவையில்லை, வேறு வழியில்லாமல் இருந்தால் போதும்.

காத்திருப்புக் கூடத்தில் என் பக்கத்து நாற்காலியில் தொட்டியத்திலிருந்து வந்த செல்வராஜ் என்பவர் இருந்தார். வாழை போடுகிறவர். அவருடைய பேத்தி குறைமாதத்தில் பிறந்து உள்ளே கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். எனக்கு முன்னாலேயே வந்துவிட்டவர் என்பதால் கூடத்தின் நடைமுறைகளை எனக்குக் கற்றுக்கொடுத்தார். எந்த மின்விசிறி சுற்றும், எந்த வாட்ச்மேன் இரண்டு பேரை விடுவார், எந்தக் கடை டீயைக் குடிக்கக் கூடாது.

"உங்க பேரனுக்கு என்னங்க?"

"ஒரு என்சைம் இல்ல."

"அப்படின்னா?"

நான் எழுத்தர் கதையைச் சொன்னேன். அவருக்கு அரசு அலுவலகம் என்றதும் முகம் கடுத்துவிட்டது. உவமையை மாற்றினேன். "பச்சை வாழைக்காய்ல மாவுதானே இருக்கு? பழுத்தா இனிக்குதுல்ல? அந்த மாவை உடைச்சுச் சர்க்கரை ஆக்கறது ஒரு என்சைம்."

"அப்ப பழுக்கறதுக்கு நாங்க புகை போடறது?"

"அது தூங்கறவனை எழுப்பி விடற மாதிரி. வேலை செய்யறது அவன்தான்."

"அப்ப உங்க பேரனுக்கும் ஏதாவது புகை போட்டு எழுப்ப முடியாதுங்களா?"

"இவனுக்குள்ள யாரும் தூங்கல. ஆளே இல்ல."

"சரி விடுங்க" என்றார். "எங்க மொந்தன் காய் பழுக்காமயேதான் இத்தனை நாளா எல்லார் வீட்லயும் குழம்புக்கு ஆவுது. எல்லாக் காயும் பழுத்துத்தான் ஆகணுமா?"

ஆறுதலாக யாரும் எனக்குச் சொன்னதில் அந்த ஒன்றைத்தான் நான் இன்றுவரை வைத்திருக்கிறேன்.

ரத்தம் மாற்றிய பிறகு அவனை நீல வெளிச்சத்தில் போட்டார்கள். கண்ணாடி வழியாகப் பார்க்க அனுமதித்தார்கள். கண்ணை மறைத்து ஒரு பட்டை, இடுப்பில் ஒரு துணி, மற்றபடி வெற்றுடம்பு. மேலும் கீழும் நீலம். அந்த வெளிச்சம் தோல் வழியாகப் போய் மஞ்சள் நிறமியின் வடிவத்தையே சற்றுத் திருப்பிவிடுகிறது. திரும்பிய வடிவம் கல்லீரலின் முத்திரை இல்லாமலே வெளியே போய்விடும். நொதி செய்ய வேண்டியதை ஒரு விளக்கு செய்கிறது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போல் இருந்தது. கமலாவின் சுங்குடியும் ஏறக்குறைய அதே நீலம்.

பரிசோதனை முடிவு வந்தது. குழந்தைக்கு அந்த நொதி பெயருக்குத்தான் இருந்தது. டாக்டர் ஆக்னஸ் ரஞ்சனியின் ரத்தத்தையும் அனுப்பியிருந்தார். அவளுக்குப் பாதி. இந்தக் குறை தாய் வழியாகத்தான் ஆண் குழந்தைக்கு வரும். அந்தத் தாய்க்கு அவளுடைய அம்மாவிடமிருந்தும் வந்திருக்கலாம், அப்பாவிடமிருந்தும் வந்திருக்கலாம்.

"என்னுதையும் எடுங்க டாக்டர்" என்றேன்.

"சிகிச்சைக்கு அது அவசியமில்ல சார்."

"தெரியும். எடுங்க."

மறுநாள் காலை என் முடிவு வந்தது. எனக்கும் இல்லை. இத்தனை வயதுவரை அது இல்லாமலே வாழ்ந்திருக்கிறேன். தொந்தரவு செய்யும் மருந்தோ பொருளோ போதுமான அளவில் எதிர்ப்படாவிட்டால், பெரியவர்களுக்குத் தெரியாமலே காலம் போய்விடுமாம். எத்தனையோ கோரிக்கைகளில் 'பிறவிக் குறை' என்ற விதியைச் சுட்டிக்காட்டிய கை என்னுடையது. அதற்குள்ளேயே அந்தக் குறை ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். எனக்கு ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

குழந்தைப் பிரிவுக்குப் பக்கத்தில் தாய்மார்கள் பால் எடுத்துக் கொடுக்க ஓர் அறை உண்டு. ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுபோய் வாசலில் நின்று ரஞ்சனியைக் கூப்பிட்டேன். வேறு யாரும் இல்லாததால் உள்ளேயே வரச் சொன்னாள். பால் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். நைட்டியின் கழுத்துக்குள்ளிருந்து மஞ்சள் துணியின் ஒரு மூலை எட்டிப் பார்த்தது. கமலா கிழித்து ஓரம் அடித்து வைத்திருந்த சதுரங்களில் ஒன்று.

"என்னம்மா அது?"

"அம்மா துணி. சும்மா உக்காந்தா பால் வர மாட்டேங்குதுப்பா. இதை வெச்சுக்கிட்டா இறங்குது." பிறகு முகத்தில் கொஞ்சம் வெளிச்சத்துடன், "இன்னிக்கு நீல லைட்டை அணைச்சிட்டு மடியில தராங்களாம். சிஸ்டர் சொன்னாங்க. நெஞ்சோட சேர்த்து வெச்சுக்கலாமாம்" என்றாள்.

முரளியிடம் வேண்டாம் என்று சொன்ன என் வாக்கு அந்த இடத்தில் முடிந்தது.

"அதைக் கொடும்மா."

"ஏன்?"

"அதுல பாச்சா உருண்டை வாசனை இருக்கு."

"அம்மா வாசனைப்பா."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

அவளுக்கு உடனே புரியவில்லை. நான் சொன்னேன். எழுத்தர், வாழைக்காய் எதுவும் இல்லாமல் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"பொறந்த அன்னிக்குச் சுத்தினது?"

"அதுவும்."

"வெயில்ல காட்டினப்ப?"

"அதுவும்."

"தூளி?"

அவள் துணியை வெளியே எடுத்தாள். மடியில் வைத்து, ஓரத்தில் கமலா போட்டிருந்த தையலை விரலால் நீவினாள்.

"எல்லார் வீட்லயும் அந்த உருண்டை இருக்கும்மா" என்றேன். "எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆகறதில்ல. இவனுக்கு ரத்தத்துல குறை. அது உன் வழியா வந்தது. உனக்கு என்கிட்டேர்ந்து வந்தது." சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். "உங்கம்மா பாசமா ஒரு துணி வெச்சா. அவ்வளவுதான்."

தாளைப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா மேல பழி வரக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில ரத்தம் குடுத்து ரசீது வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"ஆமா."

"உங்க ரெண்டு பேருக்கும் எதுலயும் ஒத்துப் போனதே இல்ல." தாளை மடித்து என்னிடமே நீட்டினாள். "காப்பிக்குச் சக்கரைலேர்ந்து என் கல்யாணம் வரைக்கும். இவன் விஷயத்துல மட்டும் சேந்து வேலை பாத்திருக்கீங்க."

பிறகுதான் அழுதாள். அழுது முடித்ததும் துணியை என்னிடம் கொடுத்தாள். குளியலறைக்குப் போய் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மருத்துவமனை உடையை வாங்கி உடுத்திக்கொண்டு வந்தாள். ஈரத்தலையோடு உள்ளே போய் மகனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அன்று பால் குறைவாகத்தான் வந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். பிறகு வந்தது, எந்த வாசனையும் இல்லாமல்.

நடுவில் ஒரு நாள் செல்வராஜின் பேத்தியை அனுப்பிவிட்டார்கள். அவர் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியில போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாதாம் சார். அதனால போறேன்" என்றார். நாற்காலியில் ஒரு சீப்பு ரஸ்தாளி இருந்தது. அவர் போனபின் அந்தக் கூடத்தில் மின்விசிறி சுற்றும் இடம் எனக்குத்தான் என்றாகிவிட்டது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

குழந்தை வீட்டுக்கு வருவதற்கு முன் நானும் முரளியும் பீரோவைக் காலி செய்தோம். தண்ணீரில் அலசினால் அந்த வாசனை முழுதாகப் போகாது, வெயிலும் காற்றும்தான் எடுக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உருண்டைகளைப் பொறுக்கி எடுத்தோம். கமலாவின் புடவைகள் அனைத்தையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடி கட்டிக் காயப்போட்டோம்.

"எல்லாத்தையுமா மாமா?"

"எல்லாத்தையும்."

பக்கத்து மாடியிலிருந்து அந்த வீட்டுக்காரர், "என்ன சார், விசேஷமா?" என்றார். கொடி முழுக்கப் புடவை பறந்தால் அப்படித்தான் தோன்றும். "பீரோ பழசாயிடுச்சு" என்றேன்.

குழந்தையை முரளியின் வீட்டில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டுப் பிறகுதான் இங்கே கொண்டுவந்தோம். அதற்குள் புடவைகளில் வெயில் வாசனை மட்டும் மிஞ்சியது. ஒரு நாள் யாரும் இல்லாதபோது நான் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். இரண்டு வருடமாக அந்த பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அவள் இருந்தாள். இப்போது துணி இருந்தது.

சில மாதம் கழித்துக் காதுப் பரிசோதனை. குழந்தையைத் தூங்க வைத்து, தலையில் சிறு உலோக வில்லைகளை ஒட்டி, காதுக்குள் ஒலியைச் செலுத்தி, அது மூளையை எட்டுகிறதா என்று திரையில் கோடாகப் பார்ப்பார்கள். எட்டினால் கோட்டில் மேடுகள் வரும். நான் அந்த வரைபடங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். மேடு எங்கே வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோடு காவேரி மணல் போலத் தட்டையாகப் போய்க்கொண்டிருந்தது.

காது நன்றாக இருக்கிறதாம். வாங்கிய ஒலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புதான் கெட்டிருக்கிறதாம். கருவி இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, பிற்பாடு உள்ளே பொருத்தும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது, பலன் குழந்தைக்குக் குழந்தை மாறும் என்றார்கள். முரளி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். ரஞ்சனி ஒன்றே ஒன்று கேட்டாள்: "இப்ப நான் கூப்பிட்டா இவனுக்குத் தெரியாதா?"

"குரல் தெரியாதும்மா" என்றார் டாக்டர் ஆக்னஸ். "நீங்க வந்தது தெரியும். வாசனையில தெரியும்."

அன்று மாலை ஸ்ரீரங்கத்தில் ஆட்டோவை விட்டு இறங்கினோம். ரஞ்சனி என்னிடம், "அப்பா, பாச்சா உருண்டை இல்லாம அம்மா வாசனை எப்படிப்பா இருக்கும்?" என்று கேட்டாள். முப்பத்து சொச்சம் வருடம் ஒரே வீட்டில் இருந்தவன் நான். யோசித்துப் பார்த்தேன்.

"தெரியலம்மா" என்றேன்.

தெருமுனையில் பூக்காரம்மா வழக்கம்போல் மல்லிகைச் சரத்தை முழம் போட்டு நீட்டினார். எங்களைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்போல் பேசுகிறவர். கமலாவுக்கும் கொடுத்தவர். "பச்சப்புள்ளக்காரி, வெறுந்தலையா போறியே, வெச்சுக்க தாயி."

"வேணாங்க" என்றாள் ரஞ்சனி. "இனிமே பூ வெச்சுக்கறதில்ல."

பூக்காரம்மா திடுக்கிட்டு அவளைப் பார்த்தார், கழுத்தில் தாலியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவள் பூ மட்டும் அல்ல, பவுடர், வாசனை சோப்பு, தலைக்குத் தைலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள் என்று நான் எப்படிச் சொல்வது? அவளுக்குத் தன் வாசனையில் வேறு எதுவும் கலக்கக் கூடாது. அவனுக்கு அவளுடைய பெயர் அதுதான்.

குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு பஸ் காதைப் பிளக்கும்படி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பெரியவர்கள் எல்லோரும் துள்ளினோம். அவன் அசையவில்லை. மூக்கை அவள் கழுத்தில் இன்னும் கொஞ்சம் புதைத்துக்கொண்டான்.